செவ்வாய்க்கிழமை யாரோடு காப்பி? மூத்த பெண்களும் நட்பும்

"உங்களுக்குக் கூட்டாளிகள் இருக்கிறார்களா?" என்று ஒரு மூத்த பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். "இந்த வயதில் எனக்கு என்ன கூட்டாளி?" என்று சிரிப்பார். அடுத்த நிமிடமே, "கீழ்மாடி அக்கா நேற்று முருங்கைக்கீரை கொடுத்தனுப்பினார்" என்பார். கோயிலில் சந்திக்கும் தங்கச்சி, மார்க்கெட்டில் கூடவே வரும் மலாய்க்கார மாச்சிக், மின்தூக்கியில் தினமும் முகம் பார்த்துச் சிரிக்கும் சீன ஆன்ட்டி என்று பட்டியல் நீளும். நாம் உறவுமுறை சொல்லியே எல்லாரையும் அழைத்துப் பழகியவர்கள். அதனால் இவர்களெல்லாம் நம் தோழிகள் என்பதே பல நேரம் நமக்குத் தோன்றுவதில்லை.

எனவே முதலில் எண்ணிப் பாருங்கள். ஒரு தாளை எடுத்து இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

கடந்த 7 நாள்களில், குடும்பத்தார் அல்லாத யாரோடு 10 நிமிடமாவது பேசினீர்கள்?

மனத்தில் ஒரு கவலை இருந்தால், பிள்ளைகளிடம் சொல்ல விரும்பாததை யாரிடம் சொல்வீர்கள்?

நீங்கள் இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வராவிட்டால், "என்ன ஆயிற்று?" என்று கதவைத் தட்டப்போவது யார்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர்கூட வரவில்லை என்றால், இந்தக் கையேடு உங்களுக்காகவே எழுதப்பட்டது. பெயர் வந்தவர்களும் தொடர்ந்து படியுங்கள். அந்தப் பெயருக்கு உரியவர் வேறு பேட்டைக்கு வீடு மாறிப் போகலாம்.

கூட்டாளிகள் எங்கே போனார்கள்?

உங்கள் தலைமுறைப் பெண்களின் நட்பு பெரும்பாலும் ஓர் இடத்தோடு ஒட்டியே வளர்ந்தது. கம்பத்துத் தண்ணீர்க் குழாயடியில் வாளியோடு காத்திருந்தபோது வளர்ந்தது. செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தது. 1970களில் ஜூரோங், தோ பாயோ தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு ஷிப்ட் பஸ்ஸிலும் கேண்டீன் மேசையிலும் வளர்ந்தது. பிறகு, பிள்ளைகளை அழைத்துவரப் பள்ளி வாசலில் நின்ற அரை மணி நேரத்தில் வளர்ந்தது. யாரும் "வா, நட்பாக இருப்போம்" என்று சொல்லித் தொடங்கியதில்லை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், தினமும் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

கம்பம் போனது, தொழிற்சாலை மூடியது, பிள்ளைகள் வளர்ந்தார்கள். யாரோடும் சண்டை வரவில்லை, சந்திக்கும் இடம்தான் இல்லாமல் போனது. ஓய்வு பெற்ற பிறகு மகன் வீட்டோடு இருக்கப் பொங்கோலுக்கோ செங்காங்கிற்கோ மாறியவர்களுக்கு, 30 ஆண்டு பழகிய தாழ்வாரமும் கைவிட்டுப் போகிறது. அத்துடன், சிங்கப்பூரில் பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாக 4 ஆண்டுக்கும் மேல் கூடுதலாக வாழ்கிறார்கள். கணவரைவிட வயதில் இளையவராக இருந்தால், கணவருக்குப் பிந்திய காலம் இன்னும் நீளும். அந்த ஆண்டுகளில் யார் துணை என்பதை முன்கூட்டியே யோசிப்பதில் தவறில்லை.

இடம் போனதால் நட்பு போனது என்றால், மீண்டும் ஓர் இடத்தையும் ஒரு நேரத்தையும் ஏற்படுத்திக்கொள்வதுதான் வழி. சிரித்துப் பேசும் திறமையோ நல்ல ஆங்கிலமோ அதற்குப் பிறகுதான்.

இது உடல்நல விஷயமா?

ஆம். தனியாக இருப்பதையும், தனித்துவிடப்பட்டதாக மனம் வாடுவதையும் தமிழில் 'தனிமை' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். முதலாவது சிலருக்கு விருப்பமானது. காலைக் காப்பியோடு தமிழ் முரசை விரித்து உட்கார்ந்தால் யாரும் குறுக்கிடக்கூடாது என்பவர்களும் உண்டு. உடலைப் பாதிப்பது இரண்டாவது. ஐந்து பேர் இருக்கும் வீட்டிலும் அது வரலாம், எல்லாரும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால்.

சிங்கப்பூரில் உள்ள டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், இங்குள்ள மூத்தோரைப் பற்றிய ஓர் ஆய்வை 2021ல் வெளியிட்டார்கள். 60 வயதில் தனிமையால் வாடுவோர், அப்படி வாடாதோரைவிடச் சராசரியாக 3 முதல் 5 ஆண்டு குறைவாக வாழக்கூடும் என்று அது மதிப்பிட்டது. 2024ல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு, முதுமை மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் சமூகத்திலிருந்து விலகி வாழ்வதும் ஒன்று, காது கேட்காமல் போவதும் ஒன்று.

இதை அன்றாட வாழ்க்கையிலேயே பார்க்கலாம். தோழி கீழே காத்திருந்தால் முழங்கால் வலியோடும் இறங்கி நடப்போம். யாரும் இல்லாத நாளில் காலையில் வைத்த ரசமே இரவுவரை ஓடும். காய்கறியும் இருக்காது, பருப்பும் இருக்காது. "என்ன, முகம் வீங்கியிருக்கிறதே, மருந்து சாப்பிட்டீர்களா?" என்று கேட்பவர் பக்கத்தில் இருந்தால் பலதுறை மருந்தகத்திற்கு ஒரு வாரம் முன்னதாகவே போவோம்.

போகவிடாமல் தடுப்பவை

"வீட்டை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறாள் என்பார்கள்." இந்தப் பேச்சுக்குப் பயந்தே வாழ்ந்த பெண்கள் பலர். இன்று அப்படிச் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் இல்லை. பயம் மட்டும் இருக்கிறது. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது இன்னும் கடினம். மகளிடமோ மருமகளிடமோ, "எப்போதாவது வெளியே போக வேண்டும்" என்று சொன்னால் அந்த 'எப்போதாவது' வராது. "செவ்வாய்க்கிழமை காலை 9 மணி முதல் 11 மணிவரை நான் இருக்க மாட்டேன்" என்று நாளையும் நேரத்தையும் சொல்லுங்கள். மருத்துவரிடம் போவதாக இருந்தால் பிள்ளைகள் ஏற்பாடு செய்துகொள்வார்கள் அல்லவா? இதற்கும் செய்துகொள்வார்கள்.

அடுத்தது, பலர் வெளியே சொல்லாத ஒன்று. இருமினால், சிரித்தால், வேகமாக நடந்தால் சிறுநீர் கசிவது. பிள்ளை பெற்ற பெண்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் இது மிகச் சாதாரணமாக வரும். "பஸ்ஸில் போனால் என்ன ஆகுமோ" என்ற பயத்தில் திருமண விருந்து முதல் கோயில்வரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, காரணமாக முழங்காலைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இது மூப்பின் தலைவிதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சி பலருக்குப் பலன் தருகிறது. சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசைகளை இறுக்கி 5 வினாடி வையுங்கள், 5 வினாடி தளர்த்துங்கள். இப்படி 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சை அடக்காதீர்கள், சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்யாதீர்கள். பலன் தெரியச் சில வாரம் முதல் மூன்று மாதம்வரை ஆகலாம். தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். இரத்த அழுத்தத்திற்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால், வெளியே போகும் நாளில் எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். எரிச்சலோ இரத்தமோ இருந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்றால் முன்பதிவின்போதே சொல்லலாம்.

காதும் அப்படித்தான். கூட்டத்தில் மற்றவர்கள் பேசுவது சரியாகக் கேட்காதபோது, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்புவோம். மற்றவர்களோ, "அந்த அம்மாவுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போலும்" என்று நினைத்துக்கொள்வார்கள். 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, 'புராஜெக்ட் சில்வர் ஸ்கிரீன்' திட்டத்தில் கண், காது, வாய் மூன்றையும் பரிசோதிக்கிறார்கள். காது கேட்கும் கருவி தேவைப்பட்டால், தகுதி பெறுவோருக்கு அரசாங்க உதவித்தொகை உண்டு.

மொழி என்ற சுவர்

உங்கள் வீட்டருகே துடிப்பாக மூப்படையும் நிலையம் ஒன்று இருக்கும். தீவு முழுவதும் இத்தகைய நிலையங்கள் 200க்கும் மேல் உள்ளன. 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் போகலாம். பல நடவடிக்கைகள் இலவசம். சிலவற்றுக்குச் சிறு கட்டணம். இவ்வளவும் தெரிந்திருந்தும் நம்மில் பலர் வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறோம். உள்ளே எட்டிப் பார்த்தால் எல்லாரும் மாண்டரினில் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு இடமில்லை என்று தோன்றிவிடுகிறது.

இந்தத் தயக்கம் நியாயமானதுதான். அதைச் சமாளிக்கச் சில வழிகள் உண்டு. முதல்முறை தனியாகப் போகாதீர்கள். தெரிந்த ஒருவரோடு போங்கள், நடவடிக்கை முடியும்வரை இருங்கள். நிலையத்தை முன்பே தொலைபேசியில் அழைத்து, தமிழ் பேசும் ஊழியரோ தொண்டூழியரோ எந்த நாளில் இருப்பார் என்று கேளுங்கள். சேர்ந்து சாப்பிடும் நாள்களில் சைவ உணவோ ஹலால் உணவோ உண்டா, மாட்டிறைச்சி இருக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். பிறகு, கைக்கு வேலை தரும் வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். நாற்காலியில் அமர்ந்து செய்யும் உடற்பயிற்சி, சமையல், பின்னல், சமூகத் தோட்டம். மஞ்சள் செடியை எப்படி நடுவது என்று காட்ட மொழி தேவையில்லை. கறிவேப்பிலை ஒரு கொத்து கொடுத்தால் அடுத்த வாரம் பண்டான் இலை திரும்பி வரும்.

மேலும், உங்கள் தலைமுறைக்கு ஒரு சொத்து உண்டு. எங்கள் தலைமுறைக்கு அது இல்லை. பாசார் மலாய். "சுடா மாக்கான்?" என்று கேட்டால் 70 வயதுச் சீன ஆன்ட்டிக்கும் புரியும், மாச்சிக்கிற்கும் புரியும். 50 ஆண்டுக்கு முன் சந்தையில் பேசியதை மறுபடியும் எடுத்துப் பேசுங்கள்.

தமிழிலேயே பேசினால்தான் மனம் ஆறும் என்பவர்களுக்கும் இடங்கள் உள்ளன. சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்கள் நிகழ்ச்சிகளும் சுற்றுலாக்களும் நடத்துகின்றன. சில நூலகங்களில் தமிழ் வாசிப்பு வட்டம் கூடுகிறது. கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு உடனே திரும்பாமல், அன்னதானத்திற்குக் காய் நறுக்கும் குழுவில் சேர்ந்து பாருங்கள். பள்ளிவாசல் வகுப்பிலும், தேவாலயத்தின் தமிழ் ஆராதனைக்குப் பிறகு தேநீர் கொடுக்கும் மேசையிலும் இதே போன்ற வேலைகள் இருக்கும். கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருப்பதைவிட, வேலையில் ஒரு கையாக இருந்தால் பேச்சு தானாக வரும்.

எப்படித் தொடங்குவது?

"ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன்" என்பது மரியாதைக்குச் சொல்வது. இருவருக்கும் அது தெரியும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அக்கா, நான் செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு மார்க்கெட்டுக்குப் போறேன். முடிச்சிட்டுக் காப்பிக்கடையில ஒரு தே ஓ. நீங்களும் வர்றீங்களா?" நாள், நேரம், இடம் மூன்றும் இருப்பதால் அவரால் பதில் சொல்ல முடிகிறது. முடியாது என்றால், "அப்போ அடுத்த செவ்வாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். இரண்டாவது முறையும் மறுத்தால் வேறு ஒருவரைக் கேட்கலாம். அவருக்கும் வீட்டில் ஏதாவது இருக்கும். வீட்டுக்கே அழைக்க வேண்டும் என்பதில்லை. வீட்டுக்கு அழைத்தால் வடை, பாயசம் என்று இருவருக்கும் சுமை. புளோக்கின் கீழ்த்தளத்துக் கல் மேசை போதும்.

எவ்வளவு நாளாகும்? அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்குச் சேர்ந்து கழிக்கும் நேரம் ஏறத்தாழ 50 மணி, நெருங்கிய நண்பராவதற்கு 200 மணிக்கும் மேல். அதில் பங்கெடுத்தவர்கள் உங்களைவிட இளையவர்கள். ஆகவே கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்று புரிகிறது. வாரத்திற்கு 2 மணி நேரம் என்றால் முதல் 50 மணிக்கே அரை ஆண்டு ஆகும். நான்காவது வாரத்தில், "என்னவோ, மனம் ஒட்டவில்லை" என்று தோன்றினால் அது இயல்பு. இன்னும் 8 மணி நேரம்தான் ஆகியிருக்கிறது.

பழைய தோழியைத் தேடுவது

புதியவர்களைத் தேடும் முன், விட்டுப்போனவர்களையும் நினைத்துப் பாருங்கள். 1982ல் மூடப்பட்ட உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர் யார்? தொழிற்சாலையில் உங்களுக்கு மதிய உணவில் பாதி கொடுத்தவர் யார்? "இத்தனை வருடம் கழித்து அழைத்தால் என்ன நினைப்பார்?" என்ற கூச்சம் வரும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் பிறரும் 2022ல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். 5,900க்கும் மேற்பட்டோர் பங்கெடுத்த சோதனைகளில், எதிர்பாராமல் நலம் விசாரித்தவர்கள் நினைத்ததைவிட, விசாரிக்கப்பட்டவர்கள் அதை அதிகமாகவே மதித்தார்கள். எண் கிடைத்தால் அழையுங்கள். "உன் ஞாபகம் வந்தது, அதான் கூப்பிட்டேன்" என்பது போதுமான காரணம்.

காப்பாற்றுவது

தினமும் காலை வணக்கப் படம் அனுப்புவது நல்லதுதான். உயிரோடு இருக்கிறோம் என்று தெரிகிறது. ஆனால் அதில் நம் குரல் இல்லை. வாரம் ஒரு முறையாவது வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புங்கள். தட்டச்சு செய்யத் தெரியாதவர்களுக்கும் எளிது. மைக் படத்தை அழுத்திப் பிடித்துப் பேசிவிட்டு விட்டால் போய்விடும்.

மனத்தாங்கல் வரும். திருமணத்திற்கு அழைக்கவில்லை, உங்களைப் பற்றி வேறொருவரிடம் ஏதோ சொன்னார் என்று ஏதாவது ஒன்று. மூன்றாவது ஆளிடம் சொல்வதற்கு முன் அவரிடமே கேளுங்கள்: "அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது." அழைப்பிதழை அவர் மகன் போட்ட பட்டியலில்தான் உங்கள் பெயர் விட்டுப்போயிருக்கும். அதே சமயம், சந்தித்துவிட்டு வரும் ஒவ்வொரு முறையும் உங்களைச் சிறுமைப்படுத்தி அனுப்புபவரை விட்டு விலகுவதில் குற்ற உணர்வு வேண்டாம்.

பணம் வேறு. தோழிக்காகக் கடனுக்கு உத்தரவாதம் போடாதீர்கள். பாதுகாப்பில்லாத சீட்டில் அவர் முகத்துக்காகச் சேராதீர்கள். "என் பணமெல்லாம் மகன் பார்த்துக்கொள்கிறான்" என்று பழியை மகன்மேல் போட்டுவிடலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தொலைபேசியில் "நான் யார் என்று தெரிகிறதா?" என்று தொடங்கி, நீங்களே ஒரு பெயரைச் சொல்லும்வரை காத்திருந்து, "ஆமாம், அவர்தான், எண் மாறிவிட்டது" என்பவர் மோசடிக்காரராக இருக்கலாம். சில நாளில் அவசரமாகப் பணம் கேட்பார். துண்டித்துவிட்டு, அந்தத் தோழியின் பழைய எண்ணுக்கு அழையுங்கள். சந்தேகம் இருந்தால் 1799.

கணவரை இழந்த தோழி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரியம் முடியும்வரை வீடு நிறைய ஆள்கள் இருப்பார்கள். 30ஆம் நாளுக்குப் பிறகு வீடு காலியாகிவிடும். அப்போதுதான் நீங்கள் போக வேண்டும். "ஏதாவது வேண்டும் என்றால் சொல்" என்றால் அவர் சொல்ல மாட்டார். "புதன்கிழமை இட்லி எடுத்துக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவர் கணவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். அழுதால் அழட்டும்.

சுப காரியங்களுக்குப் போனால் யாராவது முகம் சுளிப்பார்களோ என்று ஒதுங்கிக்கொள்ளும் பழக்கம், கணவரை இழந்த நம் பெண்கள் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அழைப்பிதழ் மட்டும் அனுப்பினால் அவர் வர மாட்டார். நேரில் போய், "நீங்கள் வந்தால்தான் எனக்குத் திருப்தி. என்னோடு டாக்சியில் வாருங்கள், என் பக்கத்தில் உட்காருங்கள்" என்று சொல்லுங்கள். மண்டபத்திலும் அவரை முன்வரிசையில் உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே போக முடியாவிட்டால்

நடக்க முடியாதவர்களுக்கும், நோயுற்ற கணவரைத் தனியே பராமரிப்பவர்களுக்கும் நட்புச் சேவை உண்டு. தொண்டூழியர் வீட்டுக்கு வந்தோ தொலைபேசியிலோ பேசுவார். உங்கள் அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் இதைக் கேட்கலாம். எந்த நிலையம் அருகில் என்று தெரியாவிட்டால், ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800 650 6060 என்ற எண்ணில் அழையுங்கள்.

இரண்டு வாரத்திற்கும் மேலாகத் தூக்கம், பசி, எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநல உதவிக்கு 1771ஐ அழைக்கலாம். உயிர் வாழ வேண்டாம் என்ற எண்ணம் உங்களுக்கோ உங்கள் தோழிக்கோ வந்தால், எந்த நேரமானாலும் 1767ஐ அழையுங்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் 995.

அழைத்தவுடனே, தமிழில் பேச வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்தில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, நிலையத்தின் பெயர், புளோக் எண், தமிழ் பேசுபவர் இருக்கும் நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.